பலிக்காத இடத்தையும் சொல்லுங்கள்

வீட்டுக் குறிப்புகள் என்றால் எனக்குக் கொஞ்சம் பைத்தியம்தான். மொக்கையான கத்தரிக்கோலைச் சரிசெய்வது, சூடு காட்டாமல் முடியைச் சுருட்டுவது, மாதக் கடைசியிலும் கையில் நாலு காசு நிற்பதற்கு என்ன வழி என்பது, எது கண்ணில் பட்டாலும் குறித்துக்கொள்வேன். ஆனால் கொஞ்ச காலமாக ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருக்கிறது. இந்தக் குறிப்புகளில் எதுவுமே தோற்பதில்லை. எல்லாம் எல்லோருக்கும், எல்லா நேரத்திலும், முதல் தடவையிலேயே பலித்துவிடுகின்றன. கைவேலை செய்கிற யாரைக் கேட்டாலும் தெரியும், பசையும் துணியும் முடியும் அப்படியெல்லாம் சொன்ன பேச்சு கேட்பவை அல்ல. அப்படியிருக்க, குறிப்புகள் மட்டும் எப்படி இத்தனை சமர்த்தாக இருக்கின்றன?

எரிச்சல் உச்சத்துக்குப் போனது சமையல் சோடாவையும் வினிகரையும் சேர்த்துக் கலக்கும் குறிப்பால். அடைபட்ட குழாயா, கறை படிந்த தொட்டியா, துருப்பிடித்த கத்தரிக்கோலா, எல்லாவற்றுக்கும் இதே மருந்து. இரண்டையும் கொட்டினால் புஸ்ஸென்று நுரை பொங்கும். பார்க்கிறவருக்கு ஏதோ பெரிதாக நடக்கிறது என்று தோன்றும். நடப்பது என்னவென்றால், ஒன்று அமிலம், இன்னொன்று காரம். இரண்டும் ஒன்றையொன்று தீர்த்துக்கட்டிவிடுகின்றன. கரியமில வாயு நுரையாக வெளியேறிவிட, மிஞ்சுவது சோடியம் அசிடேட் என்கிற உப்பு கரைந்த தண்ணீர். தனித்தனியாக இருந்தால் இரண்டுக்கும் வேலை உண்டு. உப்புத் தண்ணீர் விட்டுப்போகும் வெள்ளைப் படிவை வினிகர் கரைக்கும். சோடா பிசுக்கைத் தேய்த்து எடுக்கும். சேர்த்துவிட்டால் இரண்டின் வேலையும் போச்சு. நுரையின் வேகத்தில் லேசாக ஒட்டியிருக்கும் அழுக்கு கொஞ்சம் பெயரலாம், அவ்வளவுதான். குளியலறைக் குழாயை அடைத்துக்கொண்டிருப்பது பெரும்பாலும் முடிக்கற்றை. அதை இந்த இரண்டில் எதுவும் கரைக்காது. ஒரு கம்பியை வளைத்துக் கொக்கி மாதிரி விட்டு இழுத்தால் வந்துவிடும். அதில் நுரை இல்லை, அதனால் வீடியோவும் இல்லை.

சரி, பொய்க் குறிப்புகள் எப்போதும் இருப்பவைதானே என்று விட்டுவிடலாம். என் உறுத்தல் பொய்க் குறிப்பைப் பற்றியது அல்ல. பாதி உண்மையான, நன்றாகவே வேலை செய்யக்கூடிய குறிப்புகளும் இதே தொனியில் வருகின்றன என்பதுதான். எங்கே நிறுத்த வேண்டும், எதில் செய்யக்கூடாது, யாருக்குப் பொருந்தாது என்ற ஒரு வரி அதில் இருப்பதில்லை. அந்த ஒரு வரிதான் குறிப்பின் முக்கியமான பாதி என்று எனக்குப் புரியவைத்தவர் தையல் வேலை செய்யும் ஒரு அக்கா.

ஒரு கிளிப்பும் ஒரு சிட்டிகை சோடாவும்

அவர் அன்றைக்கு ஒரு ஹேர் கிளிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தார். மேலே இருந்த பூ பெயர்ந்து, அது உட்காரும் இடத்தில் ஒரு மூலை உடைந்து காணாமலே போயிருந்தது. பள்ளத்தில் ஒரு சொட்டு சூப்பர் க்ளூ விட்டார். மேலே விரல் நுனியால் ஒரு சிட்டிகை சமையல் சோடாவைத் தூவினார். கண்ணை மூடித் திறப்பதற்குள் அது கல்லாகிவிட்டது. இன்னொரு சொட்டு, இன்னொரு சிட்டிகை. பள்ளம் நிரம்பியதும் நகம் தேய்க்கும் அரத்தால் மேட்டைச் சமமாக ராவி, அதன்மேல் பூவை வைத்து ஒட்டினார். நான் அப்போதே நோட்டை எடுத்துவிட்டேன்.

“எழுதுறதா இருந்தா முழுசா எழுதிக்கோ,” என்றார். “கிளிப்பு வாயத் தொறக்குற அந்த ஸ்பிரிங் பக்கம் உடைஞ்சிருந்தா இதப் போடாத. வளையுற எடத்துல நிக்காது, பொட்டுன்னு போயிடும். வழிஞ்சத பஞ்சால தொடைக்காத, பஞ்சு சுட்டுடும். பாட்டில் மூடி மாதிரி வழுவழுன்னு இருக்கற பிளாஸ்டிக்ல ஒட்டவே ஒட்டாது, பசைதான் வீணு. அப்புறம், ஜன்னலத் தொறந்து வச்சுக்கோ. கண்ணு எரியும்.”

குறிப்பு ஒரு வரி; அதற்கு இத்தனை நீள வால். வீட்டுக்கு வந்து அந்த வாலை ஒவ்வொன்றாகப் பிடித்துத் தேடிப் படித்தேன். ஒன்றுகூட வீண் எச்சரிக்கை இல்லை. சூப்பர் க்ளூ என்பது சயனோஅக்ரிலேட். மற்ற பல பசைகளைப் போல அது காய்ந்து இறுகுவதில்லை; ஒட்டும் பரப்பில் இருக்கும் துளி ஈரமே அதை இறுகவைக்கிறது. அதனால்தான் மெல்லிய பூச்சு சட்டென்று பிடிக்கிறது, தடிமனாக அப்பினால் நடுவில் இளகியே கிடக்கிறது. சோடா காரத்தன்மை உள்ளது என்பதால் அந்த இறுகலை முடுக்கிவிடுகிறது, கூடவே பள்ளத்தையும் நிரப்பிக்கொள்கிறது. கல் மாதிரி இறுகுவதால்தான் நேராக இழுத்தால் தாங்கும், வளைத்தால் முறியும். பஞ்சின் இழைகளில் பட்டால் அத்தனை இழைகளிலும் ஒரே நேரத்தில் வேகமாக இறுகி நல்ல சூட்டைக் கிளப்பும். தோல் வெந்துபோகும் அளவுக்கு. பாட்டில் மூடி பாலிஎத்திலீன், பாலிபுரொப்பிலீன் வகை. அதன் மேல் இந்தப் பசைக்குப் பிடிமானமே கிடையாது.

இந்தப் பசையின் கதையே ஒரு தோல்வியில் தொடங்கியதுதான். 1942இல் ஹாரி கூவர் என்ற வேதியியலாளர் துப்பாக்கியின் குறிபார்க்கும் கருவிக்காகத் தெளிவான பிளாஸ்டிக் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தபோது இந்தப் பொருள் கையில் சிக்கியது. தொட்டதில் எல்லாம் ஒட்டிக்கொண்டு உயிரை வாங்குகிறது என்று ஒதுக்கிவிட்டார்கள். சில ஆண்டுகள் கழித்து அதே தொல்லையைத்தான் பசை என்று விற்கலாம் என்று தோன்றி, 1958இல் சந்தைக்கு வந்தது. ஒரு பொருள் எங்கே உதவாது என்று தெரிந்திருந்ததுதான் அது எங்கே உதவும் என்பதையும் காட்டிக்கொடுத்தது.

அக்காவுக்கு இந்த வேதியியல் எதுவும் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. பஞ்சு சுடும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அது பஞ்சால் துடைத்துப் பார்த்தவருக்கோ, துடைத்தவரைப் பக்கத்தில் இருந்து பார்த்தவருக்கோதான் தெரியும். அன்றிலிருந்து எந்தக் குறிப்பைப் படித்தாலும் முதலில் நான் தேடுவது அதன் வாலைத்தான். இல்லையென்றால், சொல்பவர் அதைச் செய்ததில்லை, அல்லது ஒரே ஒருமுறை செய்து அது பலித்ததும் கேமராவை அணைத்துவிட்டார் என்று எடுத்துக்கொள்கிறேன். இது கொஞ்சம் கறாரான அளவுகோல்தான். ஆனால் இதுவரை என்னை ஏமாற்றவில்லை.

காகிதத்துக்கும் ஓட்டம் உண்டு

கைவேலைக் குறிப்புகளில் நான் அதிகம் மதிப்பது காகிதத்தின் ஓட்டம் பற்றியதை. ஒரு செய்தித்தாளை எடுத்து மேலிருந்து கீழாகக் கிழித்துப் பாருங்கள், அளவுகோல் வைத்ததுபோல் நேராக வரும். குறுக்கே கிழித்தால் தன் இஷ்டத்துக்குக் கோணிக்கொண்டு போகும். ஆலையில் காகிதக் கூழ் ஓடும் சல்லடையின் மேல் விழும்போது இழைகளில் பெரும்பாலானவை ஓடும் திசையிலேயே படுத்துவிடுகின்றன. அந்தத் திசையில் மடித்தால் மடிப்பு கத்தி மாதிரி நிற்கும். அதற்குக் குறுக்கே மடித்தால், அதுவும் தடித்த அட்டை என்றால், மடிப்பு வெடித்து உள்ளே இருக்கும் வெள்ளை தெரியும். வாழ்த்து அட்டை செய்யும்போது ஏன் ஒன்று அழகாகவும் ஒன்று அசிங்கமாகவும் வருகிறது என்று குழம்புகிறவர்களுக்குப் பெரும்பாலும் இதுதான் பதில். கை அல்ல, ஓட்டம்.

பசை தடவிய அட்டை சுருண்டுகொள்வதும் இதனால்தான். ஈரம் பட்டால் இழைகள் நீளத்தில் அதிகம் வளர்வதில்லை, அகலத்தில் உப்புகின்றன. ஒரு பக்கம் மட்டும் காகிதம் ஒட்டினால் அந்தப் பக்கம் உப்பிக் காய்ந்து சுருங்கும்போது அட்டையையும் சேர்த்து இழுக்கும். இரண்டு பக்கமும், ஒரே ஓட்டத்தில், ஒரே வகைக் காகிதத்தை ஒட்டினால் இழுவைகள் ஒன்றுக்கொன்று சரியாகி அட்டை நேராக நிற்கும். இதற்கும் வால் உண்டு: கையால் வார்த்த காகிதத்தில் இழைகள் எல்லாப் பக்கமும் கலந்து கிடப்பதால் ஓட்டம் என்று பெரிதாக எதுவும் இருக்காது. அதில் இதைத் தேடிக்கொண்டு நேரத்தைப் போக்க வேண்டாம்.

கத்தரிக்கோலால் அலுமினியத் தாளை நறுக்கினால் கூர்மை வந்துவிடும் என்று ஒரு குறிப்பு பல காலமாகச் சுற்றுகிறது. விளிம்பில் ஒட்டியிருக்கும் பசையும் சின்னப் பிசிறும் போகும், அதனால் சற்று நேரம் நன்றாக வெட்டுவது போலிருக்கும். தேய்ந்த விளிம்பு திரும்ப வராது, அதற்குச் சாணை பிடிக்கத்தான் வேண்டும். அதைவிட நல்ல குறிப்பு, துணிக்கு வைத்திருக்கும் கத்தரிக்கோலால் காகிதத்தைத் தொடாமல் இருப்பது. காகிதம் மெத்தென்றுதானே இருக்கிறது என்று தோன்றும். ஆனால் வெண்மைக்காகவும் வழுவழுப்புக்காகவும் அதில் களிமண்ணும் சுண்ணாம்புத் தூளும் சேர்க்கிறார்கள். ஒவ்வொரு வெட்டிலும் அந்தத் தூள் விளிம்பை ராவிக்கொண்டே இருக்கும். தையல்காரர்கள் கத்தரிக்கோலை யாருக்கும் தராமல் ஒளித்துவைப்பது கஞ்சத்தனம் அல்ல.

ஈரம் செய்கிற வேலை

முடி விஷயத்துக்கு வந்தால், குறிப்புகளின் மூளையற்ற தன்மை இன்னும் தெளிவாகத் தெரியும். ஏனென்றால் இங்கே ஒருவருக்கு மருந்து இன்னொருவருக்கு வினை. “ஈர முடியைச் சீவாதீர்கள்” என்பது எல்லோருக்கும் தெரிந்த குறிப்பு. நனைந்த முடி அதிகம் இழுபடும், எளிதில் அறும். நேரான முடிக்காரர்கள் சற்று உலரவிட்டு, நுனியில் தொடங்கி மேலே ஏறி, அகலப் பல் சீப்பால் சீவுவது நல்லது. ஆனால் சுருள் முடிக்காரர்கள் இதையே பின்பற்றினால் தொலைந்தார்கள். காய்ந்த சுருளைச் சீவுவதுதான் அதை அறுக்கும். ஈரத்தில், கண்டிஷனர் வழுக்கலோடு சிக்கெடுப்பதுதான் அவர்களுக்குச் சரி. குறிப்பு ஒன்றுதான், தலை மாறினால் தலைகீழாகிவிடுகிறது. “உங்கள் முடி எப்படி?” என்று கேட்காமல் முடிக் குறிப்பு சொல்பவரிடம் நான் அதற்குமேல் எதுவும் கேட்டுக்கொள்வதில்லை.

சூடு காட்டாமல் முடியை அலையலையாக்கும் குறிப்பு நிஜமாகவே வேலை செய்யக்கூடியது. முடி கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. அந்தப் புரத இழைகளை ஒன்றோடொன்று பிடித்துவைத்திருப்பவற்றில் ஹைட்ரஜன் பிணைப்புகள் என்று ஒரு வகை உண்டு. தண்ணீர் பட்டால் அவை விட்டுவிடும், உலர்ந்தால் திரும்பப் பிடித்துக்கொள்ளும், அந்த நேரத்தில் முடி எந்த வடிவத்தில் இருக்கிறதோ அந்த வடிவத்திலேயே. இரவு பின்னிப்போட்டுக் காலையில் அவிழ்த்தால் அலை நிற்பதன் சூட்சுமம் இவ்வளவுதான். இதைப் புரிந்துகொண்டால் வாலும் தானாகப் புரியும். சொட்டச் சொட்டப் பின்னினால் பின்னலின் உட்புறம் விடியும் வரை காயாது. காயாத இடத்தில் பிணைப்பு இன்னும் பிடிக்கவில்லை, அவிழ்த்ததும் தொய்ந்துவிடும். ஆகவே முக்கால்வாசிக்கு மேல் உலர்ந்து, தொட்டால் மட்டும் குளிர்ச்சி தெரிகிற பதத்தில் பின்ன வேண்டும். காற்றில் ஈரம் கனத்திருக்கும் நாளில் எவ்வளவு கவனமாகச் செய்தாலும் அது நிற்காது, ஏனென்றால் அவிழ்த்த முடிக்குக் காற்றே தண்ணீர் காட்டிவிடுகிறது. அந்த நாளில் கொண்டை போட்டுக்கொண்டு போய்விடுவதே புத்திசாலித்தனம்.

நிரந்தரமாகச் சுருள வேண்டும் என்றால் இதைவிட ஆழமான, கந்தகப் பிணைப்புகளை உடைத்துக் கட்ட வேண்டும். 1906இல் லண்டனில் கார்ல் நெஸ்லர் என்ற சிகையலங்காரர் அதற்கான மின்சூட்டுக் கருவியை ஊருக்குக் காட்டினார். அதற்கு முன்னால் தன் மனைவியின் தலையில்தான் சோதித்தார் என்றும், முதல் முயற்சிகளில் முடி கருகிப்போனது என்றும் சொல்வார்கள். இன்று அழகு நிலையங்களில் கேள்வி கேட்டு, ஒரு கற்றையில் சோதித்துப் பார்த்துவிட்டு மருந்து வைக்கிறார்களே, அந்தக் கவனத்துக்குப் பின்னால் இப்படிக் கருகிய தலைகள் இருக்கின்றன.

ஈரமான முடியில் சூடான இரும்பை வைப்பதைப் பற்றி மட்டும் நான் கண்டிப்பாகவே சொல்வேன்: வேண்டாம். முடிக்குள் இருக்கும் நீர் சட்டென்று ஆவியாகி உள்ளேயே குமிழ் கட்டும். அந்த இடத்தில் முடி பின்னர் முறியும். சமையல் சோடாவால் தலை அலசுவதும் அப்படியே. தலைத்தோல் லேசான அமிலத்தன்மை கொண்டது, சோடாக் கரைசல் காரம். முடியின் மேல் செதில்களைத் தூக்கிவிட்டுச் சொரசொரப்பாக்கும். முதல் நாள் ‘சுத்தமாக’ இருப்பது போலத் தோன்றுவது அந்தச் சொரசொரப்புதான். பிளந்த நுனியை ஒட்டவைக்கும் குறிப்புகள் எல்லாமே அடுத்த குளியல் வரைதான், வெட்டுவதைத் தவிர வழியில்லை. ஹேர்பின்னில் மட்டும் ஒரு நல்ல செய்தி. வளைந்து வளைந்து போகும் கால் தலைத்தோல் பக்கம் இருக்க வேண்டும், பெரும்பாலோர் மாற்றிச் செருகுகிறார்கள். இந்தக் குறிப்புக்கு வாலே கிடையாது.

எவ்வளவு மிச்சம்?

பணம் மிச்சம் பிடிக்கும் குறிப்புகளில் வால் வேறு மாதிரி இருக்க வேண்டும். அங்கே ‘எங்கே பலிக்காது’ என்பதோடு ‘எவ்வளவு’ என்றும் சொல்ல வேண்டும். போன் சார்ஜரைப் பிளக்கிலிருந்து பிடுங்கிவைத்தால் மின்சாரம் மிச்சம் என்பார்கள். பொய் இல்லை. போன் இல்லாமல் சும்மா செருகிக் கிடக்கும் புதிய சார்ஜர் சுமார் 0.2 வாட் இழுக்கும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாள் முழுக்க அது எடுப்பது 4.8 வாட்-மணி. குளியலறையில் இருக்கும் 2000 வாட் வாட்டர் ஹீட்டர் அதே மின்சாரத்தை 9 விநாடிக்குள் தீர்த்துவிடும். ஹீட்டரை ஒரு நிமிடம் முன்னதாக அணைத்தால், சார்ஜரைக் கிட்டத்தட்ட ஒரு வாரத்துக்குப் பிடுங்கிவைத்ததற்குச் சமம். இந்தக் கணக்கு இல்லாத குறிப்பு, மனிதரைப் பிளக் பிடுங்கவிட்டு, சிக்கனமாக இருக்கிறோம் என்ற நிம்மதியையும் கொடுத்து, நீண்ட சுடுதண்ணீர்க் குளியலுக்கு அனுப்பிவைக்கும்.

அளவு நம் மனத்தில் எப்படிக் கோணலாகிறது என்பதற்கு ஒரு பெயர்பெற்ற சோதனை உண்டு. அமோஸ் ட்வெர்ஸ்கி, டேனியல் கானமன் என்ற இரு உளவியலாளர்கள் 1981இல் வெளியிட்டது. ஒரு கால்குலேட்டர் 20 நிமிடத் தொலைவில் உள்ள இன்னொரு கடையில் கொஞ்சம் மலிவாகக் கிடைக்கிறது, போவீர்களா என்று கேட்டார்கள். கால்குலேட்டரின் விலை குறைவாகச் சொல்லப்பட்டபோது 68 சதவீதம் பேர் போவேன் என்றார்கள். விலை அதிகமாகச் சொல்லப்பட்டபோது 29 சதவீதம் பேர்தான். மிச்சமாகும் தொகை இரண்டிலும் ஒன்றுதான், 20 நிமிடமும் ஒன்றுதான். சில்லறைப் பொருளில் பேரம் பேசிவிட்டு, பெரிய பொருளில் அதே தொகையைக் கண்டுகொள்ளாமல் விடும் நம் பழக்கத்தை இதைவிடச் சுருக்கமாகக் காட்ட முடியாது.

‘ஆசைப்பட்ட பொருளை ஒரு மாதம் தள்ளிப்போடு’ என்ற குறிப்பு எனக்குப் பிடிக்கும், பாதிக்குமேல் ஆசை தானே அடங்கிவிடும். ஆனால் ஒழுகும் குழாயையும் வலிக்கும் பல்லையும் தள்ளிப்போட்டால் செலவு குட்டி போடும். ‘மொத்தமாக வாங்கு’ என்பது, கெடுவதற்குள் தீர்ந்தால் மட்டும் லாபம். அப்போதும் பெரிய பொட்டலத்தின் எடைக்கு விலையை வகுத்துப் பார்க்காமல் நம்பக்கூடாது. ‘சம்பளம் வந்த அன்றே சேமிப்பை ஒதுக்கு’ என்பது பொன்னான பேச்சு. ஆனால் கிரெடிட் கார்டில் பாக்கி ஓடிக்கொண்டிருக்கும்போது சேமிப்புக் கணக்கில் போட்டுவைப்பது, அதிக வட்டி கட்டிக்கொண்டே குறைந்த வட்டி வாங்குவதாகும். அவசரத்துக்குச் சின்னத் தொகை ஒன்றை வைத்துக்கொண்டு, மீதியைக் கடனில் அடைப்பதுதான் கணக்குக்கு உகந்தது. அப்புறம், ‘நீயே செய்தால் மலிவு’ என்பதைப் பற்றி என்னைப்போலக் கைவேலைப் பைத்தியங்கள் பேசவே கூடாது. ஒரு பூச்சாடி செய்வதற்காகப் பசைத் துப்பாக்கியும் ஐந்து நிற வண்ணமும் வாங்கினால் அந்தப் பூச்சாடிதான் வீட்டிலேயே விலையுயர்ந்த பொருள். செய்வது சந்தோஷம் என்றால் சந்தோஷம் என்றே சொல்லிக்கொள்ளலாம்.

குறிப்புக்கும் வயதாகும்

இன்னொரு வகை வால் இருக்கிறது, அது பிறகு முளைப்பது. பேனா மையை ஹேர்ஸ்ப்ரே அடித்துப் போக்கலாம் என்று பழைய குறிப்பு ஒன்று உண்டு. அன்றைக்கு அது சரிதான், ஏனென்றால் கறையை எடுத்தது ஸ்ப்ரேயில் தாராளமாக இருந்த ஆல்கஹால். இப்போது வரும் பலவற்றில் அது குறைவு. அடித்தால் மை போகாது, மேலே பிசின்தான் படியும். நேராக ஆல்கஹாலையே பஞ்சில் எடுத்து, துணியின் உள்மடிப்பில் சோதித்துவிட்டு ஒற்றி எடுப்பது மேல். நகப்பூச்சு நீக்கும் அசிட்டோனை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கக்கூடாது, அசிடேட் என்ற செயற்கை இழையில் நெய்த துணியாக இருந்தால் கறையோடு துணியும் கரைந்துவிடும். குழல் விளக்கை அடிக்கடி அணைத்துப் போடாதே என்பதும் இப்படிப்பட்டதுதான். குழல் விளக்குக்கு ஒவ்வொரு தடவை எரியத் தொடங்குவதும் ஆயுளைக் குறைக்கும், எல்இடிக்கு அந்தக் கவலை இல்லை. பேட்டரியை முழுக்கத் தீர்த்துவிட்டுத்தான் சார்ஜ் போட வேண்டும் என்பது நிக்கல்-காட்மியம் காலத்துப் பேச்சு. இன்றைய லித்தியம்-அயன் பேட்டரியை அடிக்கடி அப்படிச் சுத்தமாகத் தீர்த்தால் அதன் ஆயுள்தான் குறையும்.

பேட்டரிக் குறிப்பை என் நோட்டில் அடித்துவிட்டேன். ஹேர்ஸ்ப்ரே பக்கத்தை அடிக்கவில்லை, ‘டப்பாவின் பின்பக்கம் ஆல்கஹால் இருக்கிறதா என்று பார்’ என்று ஓரத்தில் எழுதிவைத்திருக்கிறேன். ஓரம் காலியாகக் கிடக்கும் பக்கங்கள் இன்னும் நிறைய உண்டு. அவற்றை யாராவது கேட்டால், இது நான் செய்து பார்க்காதது என்று சொல்லிவிட்டுத்தான் கொடுக்கிறேன்.